உரிமை கொண்டாடுதலும் உறவு கொண்டாடுதலும்

தமிழில் 'கொண்டாடுதல்' என்னும் சொல் விழாவுக்கு மட்டும் உரியதன்று. பொங்கலைக் கொண்டாடுவர், சான்றோரைக் கொண்டாடுவர், சொத்தின்மீது உரிமை கொண்டாடுவர், எட்டாத கிளையினரோடும் உறவு கொண்டாடுவர். ஒரே வினை இடத்துக்கு இடம் பொருள் வேறுபடுகின்றது. இவற்றுள் இறுதியிற் கூறிய இரண்டும் ஒன்றுக்கொன்று மாறானவை என்பது சற்றே எண்ணிப் பார்ப்பார்க்கு விளங்கும். உரிமை கொண்டாடுவோன் 'இஃது எனக்குச் சொந்தம்' என்கிறான். உறவு கொண்டாடுவோனோ, 'இதற்கு நான் கடமைப்பட்டவன்' என்கிறான். முன்னவன் தன் பொருளைப் பூட்டி வைத்துவிட்டு உறங்கப் போகலாம். பின்னவனுக்கு அவ்வசதி இல்லை. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அவன் போய் வந்துகொண்டிருக்க வேண்டும்.

ஒரு கலைஞன் தான் படைத்து முடித்த ஒன்றைக் கொண்டாடும்போது இவ்விரண்டனுள் எதனைச் செய்கிறான்? இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பும் வழக்கமொன்று ஜாஸ் இசையுலகில் உண்டு. புதிய இசைத்தட்டு வெளிவந்தவுடன் அதனை ஆக்கிய குழுவினர் மேடையேறி, தட்டில் உள்ளவற்றை மக்கள்முன் நேரில் இசைப்பர். அமெரிக்காவின் நியூயார்க் நகரில், 1935இல் தொடங்கப்பெற்ற 'வில்லேஜ் வேன்கார்ட்' என்னும் சிறிய நிலவறை அரங்கு இவ்விசைக்குக் கோயில் போன்றது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு இரவுகள், இரவுக்கு இரண்டு அமர்வுகள் என ஒரு குழுவை அமர்த்துவது அங்குள்ள மரபு. கேட்க வருவோருட் பலர் இசைத்தட்டை முன்னரே வீட்டில் பலமுறை கேட்டவர்கள். எந்த இடத்தில் பியானோ ஓயும், எந்த இடத்தில் முரசு எழும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. ஜாஸ் இசையின் உயிர் மனோதருமம். குழு முதலில் ஒரு மெட்டை இசைக்கும். பின்பு, அம்மெட்டுக்கு அடிப்படையான சுரக்கூட்டுகளின் வரிசையை வட்டம் வட்டமாகச் சுற்றிவந்து, அவ்வட்டத்துக்குள் ஒவ்வொருவரும் அந்தக் கணத்தில் தோன்றியதை வாசிப்பர். இறுதியில் மெட்டுக்கே திரும்புவர். நிரவலும் கற்பனைச் சுரமும் கேட்டுப் பழகிய தமிழர்க்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. நேற்றுப் பாடிய கற்பனைச் சுரத்தை இன்றும் அப்படியே பாடும் வித்துவானை அவர்கள் மெச்சமாட்டார்கள் அன்றோ? ஆயின் இசைத்தட்டோ ஒருநாள் ஒருமுறை தோன்றியதைப் பிடித்து நிலைநிறுத்தி விடுகிறது. தற்செயலாய் விழுந்த ஒரு சுரம், நூறுமுறை கேட்டவனுக்கு விதியாகிவிடுகிறது. அரங்குக்கு வந்தவன் எதிர்பார்ப்பது அந்த விதியை. வாசிப்பவன் ஏற்றிருப்பதோ விதியை மீறும் தொழிலை. இசைத்தட்டின் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு வேறொன்றை வாசிப்பது நேர்மையா? அன்றி, தட்டில் உள்ளதையே மறுபடி வாசித்து, அதனை அக்கணத்தில் பிறந்தது போலக் காட்டுவதுதான் பொய்யா?

இரண்டாவது வழி எங்குக் கொண்டுபோய்விடும் என்பதனை ஒரு குழுவினர் வேண்டுமென்றே செய்து காட்டினர். மைல்ஸ் டேவிஸ் 1959ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்பிரல் திங்கள்களில் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் புளூ' ஜாஸ் இசைத்தட்டுகளுள் தலைசிறந்த ஒன்று. அப்பதிவுக்கு வந்த கலைஞர்களிடம் அவர் முழுமையாக எழுதிய இசைக்குறிப்பைத் தரவில்லை. கோட்டுருவம் போன்ற சில குறிப்புகளையே தந்தார். அத்தட்டில் பியானோ வாசித்த பில் எவன்ஸ், அதன் உறையில் எழுதிய சிறு கட்டுரையில், மெல்லிய தாளில் மையால் ஓவியம் தீட்டும் சப்பானியக் கலையை உவமையாக்கினார். கை தயங்கினால் தாள் கிழிந்துவிடும். அழித்து எழுதவும் திருத்தவும் இயலாது. அத்தகைய இசையை, 2014இல் நியூயார்க் இசைக்குழு ஒன்று சுரத்துக்குச் சுரம், மூச்சுக்கு மூச்சு, சிறு பிசகுகளையும் விடாமல் நகலெடுத்து 'புளூ' என்னும் பெயரில் வெளியிட்டது. டான் கிஹோத்தே நூலைச் சொல்லுக்குச் சொல் மீண்டும் எழுத முனைந்த ஒருவனைப் பற்றிய போர்ஹெஸின் கதையை அத்தட்டின் உறைக்குறிப்பாக அவர்கள் வைத்தனர். ஆகவே அறியாமற் செய்த செயல் அன்று அது. நகலெடுக்க அவர்கள் உழைத்த உழைப்பு, புதிதாய் ஒன்றைப் படைப்பதற்கு வேண்டிய உழைப்பினும் குறைந்ததன்று. எல்லாச் சுரமும் அங்கே உண்டு. இல்லாதது ஒன்றே: கை தயங்கினால் தாள் கிழியும் என்னும் அச்சம். அவ்வச்சத்தை நீக்கிய பிறகு எஞ்சி நிற்பது எது என்று கேட்பவனைச் சிந்திக்க வைத்த அளவில் அம்முயற்சி வெற்றியே. ஆனால் ஒரு குழு தன் சொந்த இசைத்தட்டையே இவ்வாறு ஒவ்வோர் இரவும் நகலெடுக்குமாயின், அதனைச் சிந்தனை என்று சொல்ல முடியாது. பழுப்பேறிய குறிப்பேட்டைப் பார்த்து இருபதாவது ஆண்டாகப் பாடம் ஒப்பிக்கும் ஆசிரியரின் வகுப்பை அறிந்தவர்கள் அதற்குரிய பெயரை அறிவார்கள்.

அப்படியானால் மாற்றி வாசிப்பதே உண்மை என்று முடிவு கட்டிவிடலாமா? அவ்வளவு எளிதன்று. 'மனோதருமம்' என்னும் சொல்லின் நிழலில் சோம்பல் ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. ஆயத்தமில்லாமல் மேடையேறி, விரல் பழகிய தடங்களிலேயே ஓடவிட்டு, அதனைச் 'சுதந்திரம்' என்று அழைக்கும் கலைஞர்கள் எந்த நாட்டிலும் இல்லாமற் போகவில்லை. மாறுதல் தன்னளவில் அறமாகிவிடாது, மறதிகூட மாறுதல்தான். எனவே ஆராய வேண்டியது, எதன் பொருட்டு மாறுகிறது என்பதையே.

மேலே கண்ட பில் எவன்ஸின் வாழ்க்கை இதற்கு ஒரு விடை தருகிறது. 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்பது தம் அண்ணன் மகளான சிறுமிக்காக அவர் அமைத்த மெட்டு. 1956இல் அதனைத் தனியே, ஒன்றரை நிமிடங்கூட நீளாத ஒரு சிறு துணுக்காகப் பதிவு செய்தார். 1961 சூன் 25ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வேன்கார்ட் அரங்கில் பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ, முரசுக் கலைஞர் பால் மோஷன் ஆகியோருடன் அதே மெட்டை வாசித்தபோது அது ஏழு நிமிட அளவு விரிந்தது. மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் குழந்தைபோல் நடந்து, இடையில் நான்கு எண்ணிக்கைக்கு மாறி ஓடத் தொடங்குகிறது. அதற்கு முன்பெல்லாம் பாஸ் என்பது பெரும்பாலும் நடை காட்டும் கருவி; பக்கவாத்தியம் என்றே சொல்லலாம். லஃபாரோ அதனை உரையாடும் கருவியாக்கினார். பியானோ ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பாஸ் அதனை இடைமறித்து முடிக்கும். அன்று பகல் இரண்டு, மாலையும் இரவுமாக மூன்று என ஐந்து அமர்வுகள் பதிவாயின. பதினொரு நாள் கழித்து, சூலை 6ஆம் நாள், கார் விபத்தில் லஃபாரோ மாண்டார். வயது இருபத்தைந்து. எவன்ஸ் சில திங்கள் மேடைப்பக்கமே வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளிலிருந்து முதலில் வெளிவந்த இசைத்தட்டுக்கு, மறைந்த நண்பரின் கைவண்ணம் மிகுந்து விளங்கும் பகுதிகளையே தேர்ந்தெடுத்தார்கள்.

அதன்பின் எவன்ஸ் 1980இல் இறக்கும் வரையில் அவர் குழுவில் பாஸ் வாசித்தோர் பலர் மாறினர். அந்த மெட்டு மட்டும் மாறாமல் உடன் வந்தது. உடன் வந்தது என்றால், 1961இல் இருந்தபடியே வந்தது என்பதில்லை. லஃபாரோ வாசித்ததை அடுத்து வந்தவரைக் கொண்டு அப்படியே வாசிக்கச் செய்திருந்தால், இறந்தவருக்குச் சிலை எடுத்தது போலவும், இருப்பவரைச் சிலையாக்கியது போலவும் ஆகியிருக்கும். எவன்ஸ் அவ்வாறு செய்யவில்லை. புதிதாய் வந்தவரின் குரலுக்கும் அம்மெட்டில் இடம் கொடுத்தார். அச்சிறுமியும் வளர்ந்து பெரியவளானாள். மெட்டின் பெயர் மட்டும் அவளைக் குழந்தைப் பெயரிலேயே அழைத்துக்கொண்டிருந்தது. உறவு கொண்டாடுதல் என்பது இதுவே. ஆளுக்கேற்பவும் காலத்துக்கேற்பவும் முகம் மாறினும் உறவுமுறைப் பெயர் மாறுவதில்லை.

அந்த ஞாயிறு பதிவுகளைக் கேட்போர்க்கு மற்றொன்றும் செவியில் படும். கண்ணாடிக் குவளைகள் மோதும் ஓசை. மேசையருகே யாரோ உரையாடும் முணுமுணுப்பு. இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த இசை நிகழ்ச்சிகளுள் ஒன்று, பேசிக்கொண்டிருந்த சிலரின் நடுவே நடந்து முடிந்தது. அங்கு இருந்தவர்களுட் சிலர் கேட்கவில்லை. கேட்டு உருகும் இலட்சக்கணக்கானோர் அங்கு இல்லை. கலைஞனின் கடமையைப் பற்றி இவ்வளவு பேசும்போது கேட்பவனின் கடமையை விட்டுவிடுதல் முறையன்று. வள்ளுவர் கல்வியை அடுத்துக் கல்லாமையையும், அதனையடுத்துக் கேள்வியையும் அதிகாரமாக வைத்தமைக்குக் காரணம் இல்லாமலில்லை. பேச்சில் மூழ்கியவன் கேளாமையினால் தவறுகிறான் எனின், இசைத்தட்டை மனத்துள் ஓடவிட்டு மேடையை அதனோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பவனும் கேளாதவனே. முன்னவனைவிட இவன் பணிவாக உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் வேறுபாடு. தட்டின்மீது அவன் உரிமை கொண்டாட வந்தவன். தன் சொத்தில் ஒரு சுரம் குறைந்தாலும் கணக்குக் கேட்பான்.

இக்காலத்து மூவர் குழு ஒன்றினைக் கொண்டு இதனை மேலும் நோக்கலாம். பியானோக் கலைஞர் விஜய் ஐயர், பாஸ் கலைஞர் லிண்டா மே ஹான் ஓ, முரசுக் கலைஞர் டைஷான் சோரி ஆகிய மூவரும் 2019 திசம்பரில் ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தனர். 'அனீசி', அதாவது அமைதியின்மை என்பது அதன் பெயர். விஜய் ஐயர் தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு 1971இல் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஆல்பனியில் பிறந்தவர். லிண்டா ஓ மலேசியாவில் சீனக் குடும்பமொன்றில் பிறந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்ந்தவர். சோரி நியூஜெர்சி மாநிலத்து நியூவர்க் நகரத்தவர், 2024இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றவர்.

இப்பெயர்களைப் படித்தவுடன் தமிழ் வாசகர் ஒருவர் நெஞ்சை நிமிர்த்துவது இயல்பே. மலேசிய வாசகர் இருமுறை நிமிர்த்தலாம். ஆனால் அது எவ்வகைக் கொண்டாட்டம் என்பதை எண்ண வேண்டும். வெளிநாட்டில் ஒருவர் புகழ் பெற்ற பின்னர் அவர் பெயரில் தமிழ் வாடை வீசுகிறதா என்று முகர்ந்து பார்த்து, வீசினால் 'நம்மவர்' என்று அறிவித்துவிட்டு, அவர் ஆக்கிய ஒன்றையேனும் அரைமணி நேரம் அமர்ந்து கேளாமல் விட்டுவிடும் பழக்கம் தமிழரிடையே வேரூன்றியிருக்கிறது. இஃது உரிமை கொண்டாடுதலே அன்றி வேறில்லை. விஜய் ஐயர் சிறு வயதில் வயலின் கற்றவர். பியானோவைத் தாமே பழகியவர். இயற்பியல் படித்து, பின்பு இசையறிவு பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றவர். அவ்வாய்வு மேற்கு ஆப்பிரிக்க இசையையும் ஆப்பிரிக்க அமெரிக்க இசையையும் அடிப்படையாகக் கொண்டது. அவருடைய கலையின் தாய்வீடு கறுப்பின மக்கள் படைத்த இசை. அதனை அவர் மறைப்பவரும் அல்லர். கருநாடக இசை பயின்ற கிதார் கலைஞர் பிரசன்னாவோடும் தபேலாக் கலைஞர் நிதின் மித்தாவோடும் சேர்ந்து 2011இல் 'தீர்த்தா' என்னும் இசைத்தட்டை வெளியிட்ட அவர், பிறந்த மரபோடும் உறவு உடையவரே. இரண்டு மரபுகளுக்கும் அவர் உறவினர். இரண்டுக்கும் உடைமையாளர் அல்லர். அவரைத் தமிழர் கொண்டாடுவதாயின் அவரிடமிருந்தே அதற்குரிய முறையைக் கற்கலாம்.

'அனீசி' இசைத்தட்டில் உள்ளவை பொழுதுபோக்குக்காக எழுந்தவை அல்ல. அதன் முதற்பாடல் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரக் குழந்தைகளைப் பெயரில் தாங்கியது. 2014இல் அந்நகரின் குடிநீர் ஆதாரத்தை மாற்றியபோது குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து நீரில் கலந்தது; பிள்ளைகள் அதனைக் குடித்தனர். 'காம்பட் பிரீதிங்', அதாவது போர்மூச்சு என்னும் மற்றோர் ஆக்கம், கறுப்பின மக்கள்மீது காவலர் நிகழ்த்திய வன்முறையை எதிர்த்து எழுந்த இயக்கத்துக்குத் துணையாக 2014இல் உருவானது. பதிவு நடந்தது 2019இன் இறுதியில். வெளியானதோ 2021 ஏப்பிரலில். இடைப்பட்ட பதினாறு திங்களில் உலகம் மூச்சைப் பற்றியே பேசியது. கொள்ளைநோய் மக்களின் மூச்சைப் பறித்தது. 2020 மே 25ஆம் நாள் மினியாப்பொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு, மூச்சுவிட முடியவில்லை என்று மன்றாடியபடியே ஒரு காவலரின் முழங்காலின்கீழ் உயிர் துறந்தார். இசைத்தட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. ஆனால் 'போர்மூச்சு' என்னும் பெயரை 2021இல் கேட்டவர் எவரும் அதனை 2019இல் பதிவானபோது இருந்த பொருளில் மட்டும் கேட்டிருக்க முடியாது.

இசைத்தட்டு வெளிவந்தபோது அதனைக் கொண்டாட மேடை இல்லை. 2020 மார்ச்சில் மூடிய வேன்கார்ட் அரங்கு 2021 செப்டம்பரில்தான் மீண்டும் திறந்தது. மேடை திறந்து மூவரும் அவ்விசையை மக்கள்முன் கொண்டுவரும்போது, அதனைப் பழைய திசம்பரில் வாசித்ததுபோல வாசிக்க வேண்டும் என்று கோருவது நேர்மையைக் கோருவது ஆகுமா? இடையில் இறந்தோரை இறவாதவராகக் கொள்ளச் சொல்வதற்கு அது நிகராகும். தட்டுக்கு உண்மையாய் இருக்க விரும்பினால் தட்டு எதன்பொருட்டுப் பிறந்ததோ அதற்கு உண்மையாய் இருக்க வேண்டும். அதுவோ நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது.

இவ்விடத்தில் கடுமையான மறுப்பு ஒன்று எழலாம். துயரத்தை ஒவ்வோர் இரவும் புதிதாய்த் துய்ப்பதாகக் காட்டி, அதற்குக் கைத்தட்டும் கட்டணமும் பெறுவது எத்தகைய அறம்? பிறர் பிள்ளைகள் குடித்த நஞ்சு மேடையில் அழகாகி விடுகிறதே! இம்மறுப்பை ஒரு சொல்லில் தள்ளிவிட முடியாது. ஒப்பாரிக்குக் கூலி பெறும் வழக்கத்தை அறிந்த தமிழ்ச் சமுதாயம் இதனை நன்கு உணரும். கூலிக்கு அழுபவளின் கண்ணீர் பொய் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் பாட்டைக் கேட்டுத்தான் இறந்தவரின் மகளுக்கு அழுகை உடைந்து வருகிறது என்பதையும் கண்டிருக்கிறார்கள். கலைஞன் துயரத்தின் உரிமையாளன் அல்லன் என்பதை மறவாத வரையில் அவன் அதனை ஏந்தி நிற்கலாம். மறந்த அன்று மேடை கடையாகிவிடும். இந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து எவரும் கீறிக் காட்ட இயலாது.

மூவர் என்னும் எண்ணிக்கைக்கு அங்கே ஒரு பயன் உண்டு. தனியொருவன் மேடையில் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது எளிது. உடன் இருவர் இருந்து உற்றுக் கேட்கும்போது அது கடினம். பியானோக் கலைஞர் ஒரு சுரக்கூட்டை அழுத்துகிறார். அதன் அடியில் பாஸ் எந்தச் சுரத்தை வைக்கிறதோ அதைப் பொறுத்தே அக்கூட்டின் பொருள் அமையும். அடிச்சுரம் மாறினால் அதே விரல்கள் அழுத்திய அதே கூட்டு மகிழ்ச்சியிலிருந்து ஐயத்துக்குத் திரும்பிவிடும். முரசுக் கலைஞர் அடிக்க வேண்டிய இடத்தில் கையை நிறுத்திக்கொண்டால், நேற்றைய வெற்றியை இன்றும் பாடப்போன பியானோ வெறுமையில் காலை வைத்துத் தடுமாறும். ஆகவே மூவருள் எவரும் 'இந்தப் பாடல் எனது' என்று இறுதியாகச் சொல்ல இயலாது. மெட்டை அமைத்தவர்கூடச் சொல்ல இயலாது. ஒருவர் கொடுப்பதை மற்றவர் வேறொன்றாக்கித் திருப்பித் தருகிறார். கட்டுப்பாடும் சுதந்திரமும் எதிரெதிரானவை என்று கட்டுரைப் போட்டிகளில் எழுதும் மாணவர்கள் இம்மூவரை ஒருமுறை கேட்பது நலம்.

அவ்விசைத்தட்டில் மூவரும் தாம் அமைக்காத மெட்டு ஒன்றையும் வாசித்திருந்தனர். ஜெரி ஆலன் என்னும் கறுப்பினப் பியானோக் கலைஞர் அமைத்த 'டிரம்மர்ஸ் சாங்' அது. அவர் 2017இல் காலமானவர். அவருக்குச் செய்த நன்றிக்கடனாக அதனைப் பதிவு செய்தனர். கடன் அத்தோடு தீர்ந்தது என்று வைத்துக்கொண்டிருக்கலாம். 2022 மே திங்களில் அதே மூவர், அதே ஒலிப்பதிவுக் கூடத்தில், 'கம்பேஷன்' என்னும் அடுத்த இசைத்தட்டுக்காகக் கூடினர். பரிவு என்பது அப்பெயரின் பொருள். 2024இல் அது வெளிவந்தபோது அதன் இறுதியில் அந்த மெட்டு மீண்டும் இருந்தது. இம்முறை ஜான் ஸ்டபிள்ஃபீல்டு அமைத்த வேறொரு மெட்டோடு கைகோத்து நின்றது. ஒரே பாடலை இரண்டு தட்டுகளில் அடுத்தடுத்து ஏன் வைத்தார்கள் என்று வணிகக் கணக்குப் பார்ப்போர் கேட்கக்கூடும். முதலில் வாசித்ததும் பின்னர் வாசித்ததும் ஒன்றா, வேறா என்று சொல்லக்கூடியவர் ஜெரி ஆலன் ஒருவரே. இரண்டையும் கேட்க அவர் இல்லை.